கேமராவில் நல்லாத்தானே இருந்துச்சு? போட்டோ எந்தக் கட்டத்தில் கெட்டது என்று கண்டுபிடிக்க

வாரத்துக்கு ஒரு முறையாவது இந்தக் கேள்வியோடு யாராவது போன் செய்துவிடுகிறார்கள். முகூர்த்த நாட்களில் நானே கேமராவோடு மண்டபத்தில் நிற்பேன். மற்ற நாட்களில் மயிலாப்பூர் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எடுத்ததைச் சரி செய்து கொடுப்பேன். வருகிறவர்கள் கேமராவைத் திட்டுவார்கள், லென்ஸைத் திட்டுவார்கள், சிலர் புது கேமரா வாங்கவே கிளம்பிவிடுவார்கள். பார்த்தால் பெரும்பாலும் ஃபைல் ஃபார்மட்டிலோ (படத்தைச் சேமிக்கும் வகை), எக்ஸ்போர்ட்டிலோதான் (எடிட் செய்ததை அனுப்பும் ஃபைலாக வெளியே எடுப்பது) கோளாறு இருக்கும்.

சென்னைவாசிக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் முதல் வேலையாகக் குழாயைக் கழற்ற மாட்டோம். மாடித் தொட்டியில் இருக்கிறதா, மோட்டார் ஓடியதா, சம்ப்பில் ஏதாவது இருக்கிறதா என்று பின்னோக்கிப் போவோம். போட்டோவும் அப்படித்தான். கார்டு, கம்ப்யூட்டர், எடிட்டிங், எக்ஸ்போர்ட், அப்புறம் வாட்ஸ்அப் அல்லது பிரிண்ட் லேப் என்று வரிசையாகப் போகிறது. கடைசியில் கெட்டுத் தெரிந்தால் ஒவ்வொரு படியாகப் பின்னால் போய் அந்தந்தக் கட்டத்து ஃபைலை அதே ஸ்கிரீனில் திறந்து பாருங்கள். எந்த இரண்டு படிகளுக்கு நடுவில் மாறியதோ அங்கேதான் கோளாறு. தேடி முடிக்கும் வரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள், அது போதும்.

"லைட்ரூமில் திறந்ததும் ஒரு விநாடி சூப்பரா இருக்கு, அப்புறம் கலர் செத்துப்போகுது"

லைட்ரூம் என்பது அடோபியின் எடிட்டிங் மென்பொருள். ரா என்பது கேமராவின் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல், ஜேபெக் அதைச் சமைத்துச் சுருக்கிய படம். இது கோளாறே இல்லை, ஆனால் புதிதாக ரா எடுக்கத் தொடங்கும் எல்லோரையும் பயமுறுத்துகிற விஷயம். ரா ஃபைலுக்குள் கேமரா ஒரு சின்ன ஜேபெக்கையும் ஒளித்து வைக்கிறது. கேமராவின் பின்பக்க ஸ்கிரீனில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். லைட்ரூம் முதலில் அதைக் காட்டிவிட்டு, பிறகு சென்சார் தகவலைத் தானே கணக்குப் போட்டுத் தன் பாணியில் வரைகிறது. கேமராவில் நீங்கள் வைத்திருந்த விவிட், போர்ட்ரெய்ட் போன்ற ஸ்டைல்கள் அந்தக் கணக்கில் வராது.

டெவலப் பக்கத்தில் ப்ரொஃபைல் என்று இருக்கும் இடத்தில் 'அடோபி கலர்' என்று இருப்பதை மாற்றி, 'கேமரா மேட்சிங்' என்ற பிரிவில் உங்கள் ஸ்டைலைத் தேர்ந்தெடுங்கள். பெரிய அளவுக்குப் பழைய கலர் திரும்பிவிடும். ஒவ்வொரு முறையும் செய்ய சோம்பலாக இருந்தால், ப்ரிஃபரன்ஸில் ப்ரீசெட்ஸ் பக்கம் போய் ரா டிஃபால்ட்டை 'கேமரா செட்டிங்ஸ்' என்று வைக்கலாம், லைட்ரூம் கிளாசிக்கின் புதிய பதிப்புகளில் இது உண்டு. கேமராவில் பார்த்தது அப்படியே வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் கேனானின் டிபிபி, நிக்கானின் என்எக்ஸ் ஸ்டூடியோ மாதிரி அந்தந்தக் கம்பெனி இலவசமாகத் தரும் மென்பொருளிலேயே திறக்கலாம். கலர் அச்சாக வரும், பொறுமைதான் கொஞ்சம் வேண்டும்.

"பட்டுப்புடவை பிளாஸ்டிக் மாதிரி இருக்கு"

அரக்குச் சிவப்பில் காஞ்சிபுரம் பட்டு, மேடையில் மஞ்சள் விளக்கு. போட்டோவில் மணப்பெண் முகம் சரியாக இருக்கும், புடவை மட்டும் மடிப்பே தெரியாமல் ஒரே சிவப்பு அப்பலாக இருக்கும். சென்னையில் கல்யாணம் எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது இதில் மாட்டியிருப்பார்கள்.

டிஜிட்டல் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சானல்களால் ஆனது. காரணம், அதில் சிவப்பு சானல் மட்டும் உச்சத்தைத் தொட்டுவிட்டது. கேமராவின் சாதாரண வெள்ளை ஹிஸ்டோகிராம் (இருட்டு இடதிலும் வெளிச்சம் வலதிலுமாகக் காட்டும் வரைபடம்) மூன்று நிறங்களையும் கலந்து காட்டுவதால் எல்லாம் நலம் என்றே சொல்லும். ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்தால் சிவப்பு வலது சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது தெரியும்.

இங்கே ராவும் ஜேபெக்கும் இரண்டு வேறு கதை. ஜேபெக்கில் ஒரு சானலுக்கு 8 பிட், அதாவது 256 படிகள். 255-ஐ எட்டிய சிவப்பில் மடிப்பு, ஜரிகை எதுவும் மிச்சம் இல்லை, எந்த ஸ்லைடரும் அதைத் திரும்பக் கொண்டுவராது. ராவில் 12 பிட் என்றால் 4096 படிகள், 14 பிட் என்றால் 16,384. அதைவிட முக்கியமாக, ஒயிட் பேலன்ஸ் (விளக்கின் நிறத்தைச் சமன் செய்து வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் திருத்தம்) அதில் இன்னும் பூசப்படவில்லை. கேமரா காட்டுகிற ஹிஸ்டோகிராமும் அந்த ஒளித்து வைத்த ஜேபெக்கை வைத்துத்தான், அதனால் அது 'போச்சு' என்று சொன்னாலும் ராவில் பல நேரம் உயிர் இருக்கும். ஹைலைட்ஸை இறக்கி, ஒயிட் பேலன்ஸைக் கொஞ்சம் குளிர்ச்சிப் பக்கம் தள்ளி, சிவப்பின் சாச்சுரேஷனை மட்டும் குறைத்துப் பாருங்கள், மடிப்புகள் எழுந்து வரும். அடுத்த முறை எடுக்கும்போது இப்படிப்பட்ட புடவைக்கு வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி) குறைத்தே எடுங்கள்.

ராவில் சரியாக இருந்து, எக்ஸ்போர்ட் செய்த ஜேபெக்கில் மட்டும் அப்பிக்கொண்டால் அது வேறு. எஸ்ஆர்ஜிபி (போன், இணையம் எல்லாவற்றுக்கும் பொதுவான நிற எல்லை) என்ற சின்னப் பாத்திரத்துக்குள் அந்த அடர்ந்த சிவப்பு அடங்கவில்லை என்று அர்த்தம். லைட்ரூமில் சாஃப்ட் ப்ரூஃபிங்கைப் போட்டு எஸ்ஆர்ஜிபி வைத்தால் எந்த இடம் வழிகிறது என்று முன்கூட்டியே காட்டிவிடும்.

கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன். மேடை விளக்கு 3200 கெல்வின் மஞ்சள், வீடியோக்காரர் பிடிக்கும் எல்இடி 5600 கெல்வின் வெள்ளை, ஹோமத் தீ இரண்டையும்விட மஞ்சள். ஒரே முகத்தில் ஒரு கன்னம் சந்தனம், இன்னொரு கன்னம் நீலம். ராவில் எடுத்திருந்தால் மாஸ்க் போட்டு இரண்டு கன்னத்துக்கும் தனித்தனி ஒயிட் பேலன்ஸ் கொடுக்கலாம். ஜேபெக்கில் முயன்றால் ஏதோ வரும், ஆனால் தோல் சாம்பல் பூசியது போல் ஆகிவிடும். வீடியோக்காரரிடம் முன்கூட்டியே ஒரு காபி வாங்கிக் கொடுத்துப் பேசி வைப்பது எந்த மென்பொருளையும்விட நல்ல தீர்வு.

"என் கம்ப்யூட்டர்ல நல்லா இருக்கு, அனுப்பினா வெளிறிப்போகுது"

முதலில் ஃபைல் பெயரைப் பாருங்கள். கேமரா கொடுத்த பெயர் அடிக்கோட்டில் தொடங்கினால், கேமராவில் கலர் ஸ்பேஸ், அதாவது நிற எல்லை, எஸ்ஆர்ஜிபி-யைவிடப் பெரிய அடோபி ஆர்ஜிபி-யில் இருக்கிறது. அதை எஸ்ஆர்ஜிபி-க்கு மாற்றுங்கள். அந்த செட்டிங் ஜேபெக்கைத்தான் பாதிக்கும், ராவுக்கு ஒன்றும் ஆகாது.

அதுவும் இல்லை என்றால் குற்றவாளி போட்டோஷாப் வழி. லைட்ரூமிலிருந்து போட்டோஷாப்புக்கு அனுப்பினால் வழக்கமாக 16 பிட் ப்ரோஃபோட்டோ ஆர்ஜிபி என்ற இன்னும் பெரிய நிற எல்லையில் போகும். எடிட்டிங்குக்கு அது நல்லது. ஆனால் அங்கிருந்தே சேவ் ஆஸ் ஜேபெக் போட்டு அனுப்பினால், கலர் ப்ரொஃபைலை (எந்த நிற எல்லை என்று ஃபைலுக்குள் சொல்லும் குறிப்பு) மதிக்காத ஆப்களில் தோல் நிறம் வாழைப்பூ உரித்த மாதிரி வெளிறிக் கிடக்கும். நான் ஒரு வளைகாப்பு ஆல்பம் முழுவதையும் இப்படித்தான் லேப்புக்கு அனுப்பி, திரும்ப என் செலவிலேயே அடித்துக் கொடுத்தேன். லேப்பின் மேல் தப்பே இல்லை, தப்பு என்னுடையது.

சரி செய்ய, 'கன்வெர்ட் டு ப்ரொஃபைல்' போய் எஸ்ஆர்ஜிபி. பக்கத்திலேயே இருக்கும் 'அசைன் ப்ரொஃபைல்' வேண்டாம். அது எண்களை மாற்றாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும், கலர் இன்னும் மோசமாகும். சேவ் செய்யும்போது ப்ரொஃபைலைச் சேர்க்கும் டிக்கை எடுக்காதீர்கள்.

"சூரிய உதயம் எடுத்தேன், வானத்தில் படிக்கட்டு"

காசிமேட்டிலோ மெரினாவிலோ ஐந்தரை மணிக்குப் போய் நின்று எடுத்த படம். ஆரஞ்சு மெல்ல நீலமாக மாற வேண்டிய இடத்தில் வரி வரியாகப் பட்டை. பட்டை முதலில் எந்த ஃபைலில் தெரிகிறது என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் என்றால் கீழே சொல்கிறேன். எடிட் செய்த ஜேபெக்கில் என்றால், 256 படிகளை டீஹேஸ் (மங்கலை நீக்கும் ஸ்லைடர்), கான்ட்ராஸ்ட் என்று இழுத்ததில் நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது.

ரா இருந்தால் மறுபடி அதிலிருந்து தொடங்குங்கள், போட்டோஷாப்புக்குப் போனால் 16 பிட்டிலேயே வேலையை முடித்து, கடைசியில் ஒரே ஒரு முறை 8 பிட் ஜேபெக் ஆக்குங்கள். ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது என்றால் இழுவையைப் பாதியாகக் குறைத்து, வானத்தில் கொஞ்சம் கிரெய்ன் (பொடிப் புள்ளிகள்) தூவுங்கள். பொடி தூவினால் பட்டையின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. ஜேபெக்கை 16 பிட் டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் ஃபார்மட்) ஆக மாற்றி எடிட் செய்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். புதிதாகக் கெடாமல் காக்கும், உண்மைதான், ஆனால் ஏற்கெனவே இல்லாத தகவல் எங்கிருந்து வரும்? அரைப்படி அரிசியைப் பெரிய அண்டாவில் கொட்டினாலும் அரைப்படிதான்.

"ஜரிகை ஓரத்தில் கட்டம் கட்டமாக இருக்கு"

ஜேபெக் 1992-இல் வந்த தரநிலை. படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்கு அதிகம் தெரியாததைத் தூக்கி எறிவதுதான் அதன் வேலை. நிறத் தகவலைப் பல நேரம் இன்னும் அதிகமாகச் சுருக்கும், மஞ்சள் பூசிய நெற்றியில் குங்குமத்தின் ஓரம் கசிந்தது போலத் தெரிவது அதனால்தான். ஒரு முறை சேவ் செய்தால் ஒன்றும் தெரியாது. அந்த ஜேபெக்கைத் திறந்து, தோலைத் திருத்தி சேவ், மறுநாள் திறந்து பின்னணியை மாற்றி சேவ், மாமா சொன்னார் என்று மறுபடி வெட்டி சேவ் என்று போனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். சும்மா திறந்து பார்ப்பதாலோ காப்பி செய்வதாலோ போகாது, அந்தப் பயம் தேவையில்லை.

நடுவழி வேலை எல்லாம் பிஎஸ்டி (போட்டோஷாப்பின் சொந்த ஃபைல்) அல்லது டிஃபில் இருக்கட்டும். 24 மெகாபிக்சல் படம் 16 பிட் டிஃபில் சுருக்காமல் சுமார் 144 எம்பி ஆகும், லேயர் வைத்தால் இன்னும். அதற்காக எல்லாப் படத்தையும் டிஃப் ஆக்காதீர்கள். ஆல்பத்துக்குப் போகும், கை வைத்து வேலை செய்த படங்களுக்கு மட்டும் போதும். மற்றதெல்லாம் ரா, அதன் மேல் லைட்ரூம் திருத்தம். லைட்ரூம் ரா ஃபைலின் படத்தைத் தொடுவதே இல்லை, என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பை மட்டும் தனியாக எழுதி வைக்கிறது.

எழுத்து உள்ள அழைப்பிதழ், பேனர் டிசைன்களுக்கு ஜேபெக்கைவிட பிஎன்ஜி நல்லது. கல்யாண போட்டோவை பிஎன்ஜி-யில் கேட்பவர்களுக்கு மட்டும் நான் மரியாதையாக மறுத்துவிடுவேன். சைஸ் வீங்கும், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

"நீங்க அனுப்பின போட்டோ மங்கலா இருக்கே தம்பி"

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குகிறது. வேறொன்றும் இல்லை. டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், ஃபைல் அப்படியே போகும். 2023-இல் வந்த எச்டி பொத்தான் பரவாயில்லை, ஆனால் அதுவும் சுருக்கத்தான் செய்கிறது. ஒன்று மட்டும் கவனம்: போனில் எடுத்த படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பினால், லொகேஷன் ஆன் செய்திருந்தால், எடுத்த இடமும் கூடவே போகும். வீட்டில் குழந்தையை எடுத்த படத்தை முன்பின் தெரியாதவருக்கு அப்படி அனுப்ப வேண்டாம்.

"சித்தப்பா ஐபோன்ல எடுத்தது, ஸ்டூடியோவில திறக்கலையாம்"

ஹெச்இஐசி. 2017-இல் ஐஓஎஸ் 11-இலிருந்து ஐபோன்கள் இப்படிச் சேமிக்கின்றன. ஜேபெக்கைவிட இடம் மிச்சம், தரமும் நன்றாகவே இருக்கும். பழைய விண்டோஸ் கம்ப்யூட்டருக்குத்தான் அது புரியாது. பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று மாற்றி எழுதினால் மாறிவிடும் என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். டீ டம்ளரில் காபி என்று எழுதி ஒட்டுகிற வேலை அது. இனிமேல் எடுப்பதற்கு செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ், 'மோஸ்ட் கம்பேட்டிபிள்'. ஏற்கெனவே எடுத்தவற்றை லைட்ரூமிலோ ஐபோனிலிருந்தோ ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்துவிடலாம்.

புது கேமராவின் ரா பழைய லைட்ரூமில் திறக்காததும் இதே குடும்பம்தான். ஒரு தடவை காசு கொடுத்து வாங்கிய லைட்ரூம் 6-ஐ இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் வெகுநாள் வைத்திருந்தேன். கேனானின் புதிய ரா வகையான சிஆர்3 அதற்குத் தெரியாது. அடோபியின் டிஎன்ஜி கன்வெர்ட்டர் இலவசம், அதில் டிஎன்ஜி (அடோபியின் பொதுவான ரா ஃபார்மட்) ஆக்கிக்கொண்டால் பழையதும் திறக்கும். மாற்றிய பிறகு மூல ராவை அழிக்க வேண்டாம். மாதச் சந்தா கட்ட மனம் இல்லை என்றால் டார்க்டேபிள், ராதெரபி என்ற ரா எடிட்டர்கள் இரண்டும் இலவசம்.

"மண்டபத்தில் எடுத்ததில் குறுக்கே கோடு கோடா"

இதற்கு ஃபார்மட் பொறுப்பில்லை. ரா எடுத்திருந்தாலும் காப்பாற்றாது. நம் ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள், சைலன்ட் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கலுக்கு மாறுங்கள், கேமராவில் ஆன்டி ஃப்ளிக்கர் இருந்தால் போடுங்கள். மேடைக்குப் பின்னால் எல்இடி சுவர் வைத்திருந்தால் அது தன் இஷ்டத்துக்கு மினுக்கும். அங்கே ஷட்டரை மாற்றி மாற்றி நாலு படம் எடுத்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும், அதையும் மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னாலேயே.

"கெட்டிமேளம் கொட்டும்போது கேமரா நின்னுபோச்சு"

பஃபர் (கார்டில் எழுதப்படும் வரை படங்கள் காத்திருக்கும் கேமராவின் தற்காலிக நினைவகம்) நிறைந்துவிட்டது. கணக்கைப் பாருங்கள்: ஒரு ரா 25 எம்பி என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 10 படம் என்றால் 250 எம்பி. வி30 என்று போட்ட கார்டு உறுதி தருவது விநாடிக்கு 30 எம்பி எழுதும் வேகம் மட்டுமே. கார்டின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகம், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. வி60, வி90 கார்டு, அதை ஏற்கும் கேமராவாக இருந்தால், நிஜமாகவே வித்தியாசம் காட்டும். அது இல்லாதபோது ரா கூட ஜேபெக் என்று வைத்திருப்பதை ரா மட்டும் ஆக்குங்கள், கம்ப்ரஸ்டு ரா இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், தாலி கட்டும் நேரம் முழுக்க பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்காமல் மூன்று மூன்றாக எடுங்கள்.

என் பழக்கம்: முகூர்த்தம், ஊஞ்சல், மேடை எல்லாம் ரா. ரிசப்ஷனில் கிஃப்ட் கொடுக்கும் வரிசை, பந்தி இரண்டும் ஜேபெக். ஒரே விளக்கு, ஒரே இடம், ஐநூறு பேர் ஒரே மாதிரி நின்று சிரிக்கிறார்கள். அதை ராவில் எடுத்து இரவெல்லாம் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன்? எல்லாவற்றையும் ராவில்தான் எடுக்க வேண்டும் என்று சொல்பவர்கள் ஒரு சீசனில் இருபது கல்யாணம் எடிட் செய்து பார்க்கட்டும்.

"ஆல்பத்தில் இருட்டா வந்திருக்கு", "72 டிபிஐ-தான் இருக்காம்"

இருட்டுக்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் மானிட்டர். பிரைட்னஸை முழுசாக வைத்து எடிட் செய்தால் படம் வெளிச்சமாக இருப்பதாகத் தோன்றும், காகிதம் தானாக ஒளிராது. பாதிக்கும் கீழே இறக்கி, லேப்பில் ஒரு சின்ன பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.

டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண் ஃபைலுக்குள் இருக்கும் ஒரு குறிப்பு மட்டுமே, பிக்சலை எண்ணுங்கள். 12×36 அங்குல ஆல்பம் ஷீட் 300 டிபிஐ-யில் 10,800×3600 பிக்சல். அதில் பாதிப் பக்கம் 5400×3600. உங்கள் 24 மெகாபிக்சல் படம் 6000×4000, தாராளமாகப் போதும். வெட்டித் தள்ளி மூன்றில் ஒரு பங்காக்கிய படத்தை முழு ஷீட்டுக்கு விரித்தால்தான் சிக்கல்.

"கேள்விக்குறி காட்டுது", "கார்டு காலி"

லைட்ரூமில் ஃபோல்டரில் கேள்விக்குறி வந்தால் படம் போகவில்லை, நீங்கள்தான் வெளியே எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டரை நகர்த்திவிட்டீர்கள். வலது கிளிக் செய்து காணாமல் போன ஃபோல்டரைத் தேடும் வழியில் புது இடத்தைக் காட்டினால் திருத்தங்களோடு வந்துவிடும். மறுபடி இம்போர்ட் செய்யாதீர்கள், திருத்தம் எல்லாம் பழைய பதிவிலேயே தங்கிவிடும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரின் ஹார்ட் டிஸ்க்குகள் மூன்றும் ஒரே மேஜையில் இருந்து ஒரே தண்ணீரில் போயின. மூன்று காப்பி வைத்திருந்தார், ஆனால் மூன்றும் ஒரே அறையில். அதற்குப் பிறகு என் இரண்டாவது டிஸ்க் தாம்பரத்தில் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போகும்போது மாற்றி வைத்துவிட்டு வருவேன். லைட்ரூம் கேட்டலாக்கையும் (உங்கள் திருத்தங்கள் பதிவாகியிருக்கும் ஃபைல்) அதில் சேர்த்து வையுங்கள், ரா மட்டும் இருந்தால் உழைப்பு திரும்ப வராது.

கார்டைத் தவறி ஃபார்மட் செய்துவிட்டீர்களா? அந்த நொடியே கேமராவிலிருந்து எடுத்து, கார்டின் ஓரத்தில் இருக்கும் லாக்கைக் கீழே தள்ளிவிடுங்கள். அதில் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது, விண்டோஸ் 'ரிப்பேர் செய்யட்டுமா' என்று கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடி, கிடைப்பதை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள், அதே கார்டில் அல்ல. பழைய பெயர்கள் வராது, எஃப் என்று தொடங்கி ஏதோ எண்ணாக வரும். எடுத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினால் முகூர்த்தம் எது, பந்தி எது என்று பிரித்துவிடலாம்.